ஆஞ்சியோ முதல் ஓராண்டு வரை: சேலத்தில் இருப்பவர்களுக்கும் ஏற்காடு மலையில் இருப்பவர்களுக்கும்

மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாய் விட்டு, சாய மருந்து செலுத்தி, இதய ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று படம் எடுப்பதுதான் ஆஞ்சியோ. அந்த மேஜைக்கு இரண்டு வழியாக ஆட்கள் வருகிறார்கள். மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் ஐந்து பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது, சில மாதமாக இதே அளவில்தான் இருக்கிறது என்று நாள் குறித்துக்கொண்டு வருபவர் ஒருவர். உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சில் பாரம் ஏறி, வியர்த்துக் கொட்டி, 108-இல் வந்து இறங்குபவர் இன்னொருவர். முதல் ஆளுக்கு யோசிக்க நேரம் உண்டு. இரண்டாம் ஆளுக்கு நிமிடம்தான் கணக்கு. போன மாதம் மூன்றாம் மாடியில் வந்த வலி இந்த மாதம் முதல் மாடியிலேயே வருகிறது என்றால், அவரும் இரண்டாம் ஆளோடு சேர்த்திதான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலி வந்தவுடன்

15 நிமிடத்துக்கு மேல் விடாத நெஞ்சு பாரம், இடது கைக்கோ தாடைக்கோ மேல் வயிற்றுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு முட்டல் இருந்தால் சோடா குடித்துப் பார்க்கக் கூடாது. சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும் வரலாம். ‘கேஸ்’ என்று ஒதுக்கி இரவைக் கழிப்பது இவர்கள்தான் அதிகம். சொந்த பைக்கில் போகாதீர்கள். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் கருவி பைக்கில் கிடையாது.

நாகலூர், கொட்டச்சேடு, மஞ்சக்குட்டை பக்கம் இருப்பவர்கள் நேராக சேலம் இறங்கப் பார்ப்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்கு முன்னால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ ஈசிஜி எடுப்பதுதான் சரி. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, கிளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டேடின் 8. பதினான்கா என்று மலைக்க வேண்டாம், சிறிய அளவு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதால் வரும் எண்ணிக்கை அது. வயிற்றுப் புண்ணில் ரத்தம் போனது, ஆஸ்பிரின் ஒவ்வாமை, ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது ஆகியவற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுத்த மருந்தையும் நேரத்தையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கீழே மறுபடி அதையே கொடுத்துவிடாமல் இருக்க அது உதவும்.

ஈசிஜியில் பெரிய மாரடைப்பு தெரிந்து, 120 நிமிடத்துக்குள் வசதியுள்ள இடத்துக்குப் போய் ரத்தக்குழாயைத் திறந்துவிட முடியாது என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்வது முறை. மலையில் இருப்பவருக்கு இது இரண்டாந்தர சிகிச்சை இல்லை. தாமதமாகக் கிடைக்கும் ஸ்டென்டைவிட (அடைப்பைத் திறந்து வைக்கும் கம்பி வலை) சீக்கிரம் கிடைக்கும் ஊசி இதயத் தசையைக் காப்பாற்றும்.

எந்தப் பரிசோதனை, எதற்கு

நாள் குறித்து வருபவருக்கு ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), ரத்தப் பரிசோதனைதான் முதல் படி. அதற்குப் பிறகு, ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் டிரெட்மில். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும். 220-இல் வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 சதவீதம் வரை துடிப்பு போக வேண்டும். மெட்டோபிரோலால், அடெனோலால் போல துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்தி வர வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும், ஏனென்றால் துடிப்பு ஏறாமல் சோதனை பாதியில் நின்றுபோகும். ஓய்வில் வலி இருப்பவரை டிரெட்மில்லில் ஏற்றக் கூடாது. மூட்டு வலியால் நடக்க முடியாதவருக்கு, ஸ்கேன் கருவியில் படம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ நல்ல வழி. துடிப்பு 60-ஐ ஒட்டி இருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்பதால் அங்கே நேர்மாறாக, துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுப்பார்கள். ரத்தக்குழாயில் சுண்ணாம்பு நிறைய படிந்திருந்தால் சி.டி. அடைப்பைப் பெரிதாகக் காட்டிவிடும். அப்போது குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோதான் தீர்ப்பு.

முந்தின நாள்

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட் கையில் இல்லாமல் போகாதீர்கள். படத்துக்குச் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கிரியாட்டினின் கூடியிருந்தால் முன்னும் பின்னும் டிரிப் ஏற்றுவார்கள், மருந்தின் அளவைக் குறைப்பார்கள். கடந்த சில நாளில் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டிருந்தால் சொல்லுங்கள். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை அன்று காலை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியாட்டினின் பார்த்துத் தொடங்குவது பெரும்பாலான இடங்களில் வழக்கம். இன்சுலினை வெறும் வயிற்றில் முழு அளவு போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையையும் ஆஸ்பிரினையும் ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் போன்றவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் விடவும் கூடாது.

சாப்பாடு ஆறு மணி நேரம் முன்போடு நிறுத்தம். தண்ணீர் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதிப்பார்கள். இரவு பத்து மணியிலிருந்து நாக்கு வறள சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடப்பது சிறுநீரகத்துக்குக் கெடுதல். மீன், நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு சாய மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்பது பழைய நம்பிக்கை. முன்பு இதே மருந்தில் தடிப்போ மூச்சு முட்டலோ வந்திருந்தால்தான் கவலை, அதற்கு முன்கூட்டியே மாத்திரை உண்டு.

மணிக்கட்டையும் தொடை இடுக்கையும் இரண்டையும் சவரம் செய்வார்கள். கை வழியாக முடியாவிட்டால் கால் வழி தயாராக இருக்கத்தான். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பாதத்தில் நாடி பார்க்க வேண்டியிருக்கும். மருதாணியும் நகப்பூச்சும் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்புக்கு இடைஞ்சல். டயாலிசிஸ் செய்பவர்களும் விரைவில் செய்ய வேண்டியவர்களும் மணிக்கட்டு ரத்தக்குழாயைக் காப்பாற்றி வைக்க வேண்டியவர்கள், அதைச் சொல்லிவிட வேண்டும்.

பணம் விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையோ, சேர்க்கும்போதே அட்டையைக் காட்டினால்தான் முன் அனுமதி வேலை தொடங்கும். அட்டை இல்லாமல் கையிலிருந்து கட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2017 பிப்ரவரி முதல் ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய். ஆண்டுதோறும் திருத்தி, இப்போது வரி நீங்கலாக 40 ஆயிரத்துக்குள். பில்லில் ஸ்டென்டின் பெயர், தொகுதி எண், விலை மூன்றும் தனியாக இருக்க வேண்டும். பேக்கேஜ் தொகைக்குள் மறைந்திருந்தால் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) உள்ளே

முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள். மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி, பிறகு சுமார் 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய். ரத்தக்குழாய் சுருங்காமல் இருக்கச் செலுத்தும் மருந்து கையில் அரை நிமிடம் எரியும். கையை இறுக்கினால் குழாயும் இறுகும், வலியும் கூடும்; தளர்த்தி வைப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய உதவி. சாய மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடாகி, சிறுநீர் போய்விட்டது போல் தோன்றும். போயிருக்காது. ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்றால் பிடிக்க வேண்டும். ஸ்டென்ட் வைக்கும்போது, அடைப்பைத் திறக்க பலூன் விரியும் அரை நிமிடம் உங்கள் பழைய வலியே திரும்ப வரலாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். படம் மட்டும் என்றால் அரை மணிக்குள் முடியும்.

வெளியே நிற்பவருக்குப் பத்து நிமிடம்

நாள் குறித்து வந்தவர்களுக்கு இதுதான் முக்கியமான கட்டம். நோயாளி மேஜையில் இருக்கும்போதே டாக்டர் வெளியே வந்து, திரையில் அடைப்பைக் காட்டி, இப்போதே ஸ்டென்ட் வைக்கலாமா என்று கேட்பார். முடிவெடுக்கக்கூடிய ஒருவர், போனிலாவது, அந்த நேரத்தில் கிடைக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் படிவத்தில் ‘ஆஞ்சியோ மட்டும்’ என்று இருக்கிறதா, ‘தேவைப்பட்டால் ஸ்டென்டும்’ என்று இருக்கிறதா என்பதை முந்தின நாளே படித்து, வீட்டில் பேசி வைத்திருந்தால் பதற வேண்டியதில்லை.

கேட்க வேண்டியவை: எந்தக் குழாய், எத்தனை சதவீதம், ஒன்றா பலவா? பொதுவாக 70 சதவீதமும், இடது பிரதான குழாயில் 50 சதவீதமும் பொருட்படுத்த வேண்டியவை. 40க்கும் 70க்கும் நடுவே என்றால், அடைப்புக்கு அப்பால் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று கம்பி விட்டு அளக்கலாம். அந்த விகிதம் 0.80க்கு மேல் இருந்தால் ஸ்டென்ட் இல்லாமல் மாத்திரையோடு விடலாம். சுகர் இருந்து மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் பைபாஸைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். 2012-இல் வெளியான ‘ஃப்ரீடம்’ ஆய்வில் இப்படிப்பட்டவர்களுக்கு பைபாஸே நல்ல பலன் கொடுத்தது.

இன்னொன்று. மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும். நடந்தால் மட்டும் வலி வரும், நிலையாக உள்ளவருக்கு அது வலியைக் குறைக்கும்; ஆயுளைக் கூட்டியதாகவோ மாரடைப்பைத் தடுத்ததாகவோ பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. 2007-இன் ‘கரேஜ்’, 2020-இல் 5,179 பேரோடு வெளியான ‘இஸ்கீமியா’ இரண்டும் சொன்னது இதைத்தான். ஆகவே இடது பிரதான குழாயில் அடைப்பு இல்லை, ஓய்வில் வலி இல்லை, இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்றால், ஆஞ்சியோ படத்தின் பதிவை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் யோசிப்பதில் தவறே இல்லை. ‘இன்று இரவைத் தாண்ட மாட்டார்’ என்ற பேச்சு நிலையான நோயாளிக்குப் பொருந்தாது.

முதல் இரவு

கை வழி என்றால் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை. சுமார் 12 முதல் 15 மில்லி காற்று இருக்கும், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். விரல் நீலமாகி மரத்துப்போனால் பட்டை அதிக இறுக்கம், உடனே சொல்லுங்கள். நீங்களாகத் தளர்த்தாதீர்கள். கால் வழி என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாலே இடுப்பு இறுகி ரத்தம் கசியும். இருமும்போதும் சிரிக்கும்போதும் கையால் அந்த இடத்தை அழுத்திக்கொள்ளுங்கள். முதுகிலோ விலாவிலோ புதிதாக வலி வந்து, வியர்த்து, மயக்கம் போல் வந்தால் ரத்தம் உள்ளே கசிகிறது என்று பொருள். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அதனால்தான் இதை ‘படுத்துப் படுத்து வந்த முதுகு வலி’ என்று விட்டுவிடக் கூடாது.

இதயம் பலவீனம் என்று தண்ணீர் அளவு குறிக்காதவர்கள் அன்று நிறையக் குடித்து, நிறையச் சிறுநீர் போக வேண்டும். ஸ்டென்ட் விரிந்த இடத்தில் ஓரிரு நாள் லேசான குத்தல் இருக்கலாம்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தக் குழாய், ஸ்டென்டின் பெயர், அளவு (உதாரணமாக 3.0 × 28 மி.மீ.), எக்கோவில் இதயம் சுருங்கும் சதவீதம், ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினோடு சேர்த்துத் தரும் இரண்டாவது மாத்திரை எந்த மாதம் வரை என்ற ஐந்தும் இருக்கிறதா பாருங்கள். ஸ்டென்ட் கார்டை போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு போனில் வையுங்கள்.

மலைக்குத் திரும்புபவர்கள் காலை மாத்திரையைப் போட்ட கையோடு பஸ் ஏறினால், வளைவுகளில் குமட்டி வாந்தியோடு மாத்திரையும் போய்விடும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்போ, மேலே சேர்ந்த பிறகோ போடுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம் இதயத்துக்குப் பெரிய சோதனை இல்லை. குளிரும் மேடும்தான் கவனிக்க வேண்டியவை.

கை வழி செய்தவர் இரண்டு மூன்று நாள் அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, பைக் ஆக்ஸிலேட்டர் முறுக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது. கால் வழி என்றால் ஒரு வாரம். நிறை குடம் தண்ணீர் 12 கிலோவுக்கு மேல், கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ என்பதை நினைவில் வையுங்கள். கால் வழி செய்தவர் குத்தவைத்து உட்காரும் கழிப்பறையையும் அந்த ஒரு வாரம் தவிர்க்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி போதும். மறுநாள் முதல் குளிக்கலாம், ஆனால் கிணறு, ஏரி, தொட்டி ஒரு வாரத்துக்கு வேண்டாம். துளையிட்ட இடத்தில் ரத்தம் வந்தால் தொடை என்றால் மல்லாந்து படுத்து, துளைக்குச் சற்று மேலே பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. நிற்காவிட்டால் 108. துடிக்கும் கட்டி, விரலோ பாதமோ ஜில்லிட்டுப் போவது, காய்ச்சலோடு சீழ் ஆகியவை அன்றே காட்ட வேண்டியவை.

மாத்திரை

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த உலோகக் கம்பி வலை. அதன்மேல் உடம்பின் சொந்தத் தோல் படர மாதங்கள் ஆகும். அதுவரை வெறும் உலோகத்தைத் தொடும் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுப்பவை ஆஸ்பிரின் 75 மி.கி. ஒன்றும், அதனுடன் கிளோபிடோகிரெல் 75 தினம் ஒன்று, அல்லது டிகாக்ரெலார் 90 தினம் இரண்டு, அல்லது பிரசுக்ரெல் 10 ஒன்றும்தான். நிலையான நோயாளிக்குப் பெரும்பாலும் 6 மாதம், மாரடைப்பு வந்தவருக்கு 12 மாதம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவருக்கு டாக்டர் சுருக்குவார். நடுவில் நிறுத்தி ஸ்டென்ட் சட்டென்று உறைந்தால், வருவது பெரிய மாரடைப்பு, பலர் பிழைப்பதில்லை. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விடுவதும் இதை விடுவதும் ஒன்றில்லை.

நின்றுபோவது எப்படி என்றால், பெரும்பாலும் அலட்சியத்தால் இல்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் ‘ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாங்க’ என்பார்கள். பல் பிடுங்க இதை நிறுத்தத் தேவையில்லை, இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சை எதுவானாலும் 6 மாதமும், மாரடைப்புக்குப் பிறகு 12 மாதமும் கழியட்டும். டிகாக்ரெலார் சாப்பிடுபவர்களில் சிலருக்கு மூச்சு வாங்குவது போலிருக்கும். அது மருந்தின் குணம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், ஆனால் மாற்றும் நாள் வரை விடக் கூடாது. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை வழக்கமான அளவு. இரட்டிப்பாகப் போடக் கூடாது. அரசு மருத்துவமனை மாத்திரை அட்டை நிறம் மாறி வரும். ஆஸ்பிரின், கிளோபிடோகிரெல், கொழுப்பு மருந்து மூன்றும் சேர்ந்த கேப்ஸ்யூலை எழுதித் தந்த பிறகும் பழைய ஆஸ்பிரினைத் தனியாகத் தொடர்பவர்கள் உண்டு. அட்டையின் பின்புறம் மருந்துப் பெயரை ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலையில் இருப்பவர்கள் இரண்டு வார மாத்திரையைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது போன்ற நாளில் ‘நாளைக்கு வாங்கிக்கலாம்’ என்பது நடக்காது.

வயிற்றுக்கு மாத்திரை தேவைப்பட்டால் கிளோபிடோகிரெலோடு பான்டோபிரசோல் நல்லது. ஒமெபிரசோல் அதன் வேலையைக் குறைக்கும். உடம்பு வலிக்கு பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ரத்தக்கசிவையும் இதய அபாயத்தையும் கூட்டும். கருப்பாகத் தார் போல் மலம் போனால் உடனே காட்டுங்கள். கொழுப்பு மாத்திரையை ரிப்போர்ட் நார்மல் என்று நிறுத்துவது இன்னொரு பரவலான தவறு. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 55க்குக் கீழே இருக்க வேண்டும், மாத்திரையால்தான் அது நார்மல். நெஞ்சு வலி வந்தால் நாக்கடியில் வைக்கும் 5 மி.கி. மாத்திரையை நின்றுகொண்டு வைத்தால் மயங்கி விழுவீர்கள், உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு இரண்டாவதை வையுங்கள். ஆண்மை மாத்திரை போட்டிருந்தால் இதைத் தொடவே கூடாது: சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48.

நடை, வேலை, சாப்பாடு

முதல் வாரம் வீட்டைச் சுற்றி ஐந்து முதல் பத்து நிமிடம், இரண்டு வேளை. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, ஆறாவது வாரத்தில் அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். ஏற்காட்டில் வெயில் ஏறிய பிறகு, சமதளத்தில். சேலம் சித்திரை வெயிலில் பிரஷர் மாத்திரையோடு வியர்த்தால் எழும்போது தலை சுற்றும், ஆகவே விடியற்காலை.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, மாரடைப்பு இல்லாதவர் ஒரு வாரத்தில் போகலாம். கைத்தறியில் நாடா இழுப்பவரும் கொலுசுப் பட்டறையில் கம்பி இழுப்பவரும் மணிக்கட்டுக்காகவே ஒரு வாரம் பொறுக்க வேண்டும். மாரடைப்பு வந்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம். காபித் தோட்டச் சரிவில் மூட்டை சுமப்பவர் எக்கோவும் டிரெட்மில்லும் பார்த்த பிறகே. இரண்டு மாடியை வலியின்றி ஏற முடிந்தால் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. கேட்கத் தயங்கி மாதக்கணக்கில் பயந்தே இருக்கிறார்கள்.

சாப்பாட்டில் நீண்ட பட்டியல் தேவையில்லை. உப்பு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு கரண்டி, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். தட்டுவடை செட் மாலைப் பழக்கமாக வேண்டாம், மாதம் ஒருமுறை போகட்டும். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை மூன்றுக்கும் சலுகை கிடையாது.

திரும்பப் பார்க்க வேண்டியவை

ஒன்றிரண்டு வாரத்தில் துளையிட்ட இடமும் பிரஷரும். நான்கு முதல் ஆறு வாரத்தில் கொழுப்பும் கல்லீரலும். இதயம் பலவீனம் என்று சொல்லியிருந்தால் மூன்று மாதத்துக்குள் மறு எக்கோ. அறிகுறி இல்லாதவருக்கு ‘சும்மா ஒரு ஆஞ்சியோ’ தேவையில்லை. பழைய வலி திரும்பினால், குறிப்பாக ஆறு முதல் ஒன்பதாவது மாதத்தில், ஸ்டென்டுக்குள்ளேயே மீண்டும் சுருங்கியிருக்கலாம், அப்போதுதான் படம். எம்ஆர்ஐ எடுக்க இன்றைய ஸ்டென்ட்கள் தடையில்லை, கார்டை மட்டும் காட்டுங்கள். குறித்த மாதம் முடிந்ததும் ரத்தம் கட்டாமல் தடுக்கும் இரண்டு மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்துவார். நிறுத்துவது எது, தொடர்வது எது என்று சீட்டில் பெயரோடு எழுதி வாங்குங்கள். தொடரும் மாத்திரை ஆயுள் முழுவதற்கும்.